நேர்காணலும் நாற்காலியும்: 'நாயக்' (2001) இந்தித் திரைப்படத்தில் ஊழல் எதிர்ப்பும் சான்றும்

ஆய்வுச் சுருக்கம்

ஷங்கர் தமிழில் இயக்கிய 'முதல்வன்' (1999) திரைப்படத்தை அவரே இந்தியில் மறுஆக்கம் செய்த படம் 'நாயக்: தி ரியல் ஹீரோ' (2001). ஒரே நாளில் ஊழலைக் களையும் முதல்வர் என்ற கற்பனைக்காகவே இப்படம் பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. அக்கற்பனையைக் காட்டிலும் அதற்கு முன்னே வரும் தொலைக்காட்சி நேர்காணலில்தான் படத்தின் சிந்தனை வலிமை தங்கியுள்ளது என்பதையும், அந்நேர்காணல் நிறுவிய நெறியைப் படத்தின் இறுதிக் காட்சி எவ்வாறு கைவிடுகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இந்தித் திரைப்படம், மறுஆக்கம், அரசியல் ஊழல், நேர்காணல், சான்று, சிலப்பதிகாரம்.

முன்னுரை

2001 செப்டம்பர் 7 அன்று வெளியான 'நாயக்' திரையரங்குகளில் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. அனில் கபூர், ராணி முகர்ஜி, அம்ரீஷ் பூரி, பரேஷ் ராவல் ஆகியோர் நடிப்பும் ஏ. ஆர். ரகுமானின் இசையும் இருந்தும் படம் தோல்வி என்றே கணிக்கப்பட்டது. பின்னர்த் தொலைக்காட்சி அலைவரிசைகளில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகி அது வீடுகளுக்குள் நுழைந்தது. இன்று வட இந்தியாவில் ஓர் அமைச்சர் அரசு மருத்துவமனைக்குள் முன்னறிவிப்பின்றி நுழைந்து ஓர் ஊழியரைப் பணியிடை நீக்கம் செய்தால், செய்தியாளர் முதலில் நாடும் உவமை இப்படம்தான். 2021 சனவரி 24 அன்று, தேசியப் பெண் குழந்தை நாளை ஒட்டி, உத்தரகாண்டில் ஒரு கல்லூரி மாணவி அடையாளமாக ஒரு நாள் முதல்வராக அமர்த்தப்பட்டபோதும் இப்படத்தின் நினைவே எழுந்தது. திரையரங்கில் தோற்ற படம் ஒரு வழக்குச் சொல்லாக நிலைபெற்றுவிட்டது.

அவ்வாறு நிலைபெற்றதில் ஓர் இழப்பும் நேர்ந்துள்ளது. 'ஒரு நாள் முதல்வர்' என்ற தொடர் படத்தின் மற்றப் பகுதிகளை மறைத்துவிட்டது. படத்தை முழுமையாகக் காண்போர்க்கு அந்த ஒரு நாளைவிட ஆழமான இரண்டு காட்சிகள் அதில் உள்ளமை புலப்படும். ஒன்று தொடக்கத்தில் வரும் நேர்காணல். மற்றொன்று முடிவில் வரும் கொலை. இரண்டிலும் இருப்பவர்கள் அதே இருவர். இரண்டிலும் நடப்பது சான்று ஒன்றை முன்வைக்கும் செயல். அவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவே இப்படத்தின் உண்மைக் கதை எனலாம்.

புகழேந்தி, சிவாஜி ராவ் ஆதல்

மறுஆக்கத்தில் முதலில் மாறுவது பெயர். தமிழில் அர்ஜுன் ஏற்ற புகழேந்தி, இந்தியில் சிவாஜி ராவ் கெய்க்வாட் ஆகிறான். ரகுவரன் ஏற்ற அரங்கநாதன், பல்ராஜ் சௌகான் ஆகிறார். கதை மும்பைக்குப் பெயர்கிறது. மராட்டிய மண்ணில் 'சிவாஜி' என்ற பெயர் நல்லாட்சியின் குறியீடாகவே ஒலிக்கும். தமிழ்ப் பார்வையாளர்க்கோ அப்பெயர் வேறொன்றையும் நினைவூட்டும்; ரஜினிகாந்தின் இயற்பெயர் சிவாஜி ராவ் கெய்க்வாட். மும்பையில் இயல்பான மராட்டியப் பெயராக நிற்கும் ஒன்று சென்னையில் ஒரு குறும்புச் சிரிப்பை எழுப்புகிறது. தமிழில் திரை நாயகன் கோட்டைக்குச் செல்வது வரலாறு கண்ட நிகழ்வு. இந்தியில் அதற்கு ஒப்பான மரபு இல்லை. அமிதாப் பச்சன் 1984இல் அலகாபாத்தில் வென்று 1987இல் பதவி விலகியதோடு அக்கனவு ஒருவாறு அடங்கிவிட்டது. 'முதல்வன்' தமிழ்ப் பார்வையாளர்க்கு நடக்கக்கூடிய ஒன்றாகத் தோன்றியதையும், 'நாயக்' இந்திப் பார்வையாளர்க்குத் தொடக்கத்தில் அயலாகத் தோன்றியதையும் இவ்வேறுபாடு கொண்டு ஓரளவு விளக்கலாம்.

இடமாற்றம் வேறொரு பொருளையும் படத்தில் ஏற்றிவிடுகிறது. ஒரு பேருந்துத் தகராறில் தொடங்கும் கலவரத்தை அடக்க வேண்டாம் எனக் காவல்துறைக்கு முதல்வர் வாய்மொழியாக ஆணையிடுகிறார். அடக்கினால் தம் ஆதரவாளர் வாக்குகள் போய்விடும் என்பது அவர் கணக்கு. இக்காட்சியை மும்பையில் வைத்துக் காணும்போது 1992 டிசம்பரிலும் 1993 சனவரியிலும் அந்நகரில் நடந்த கலவரங்களும், அவற்றை விசாரித்து 1998இல் அறிக்கை அளித்த நீதியரசர் ஸ்ரீகிருஷ்ணா ஆணையமும் நினைவுக்கு வாராமல் இரா. படம் அந்நினைவைத் தொடவில்லை. எந்தச் சமயத்தையும் சாதியையும் சுட்டாமல், பொதுவான கலவரம் ஒன்றைக் காட்டி அகல்கிறது. வணிகப் படத்துக்கு அது பாதுகாப்பான வழி. எனினும் இந்தி வசனம் எழுதிய அனுராக் கஷ்யப், பின்னாளில் 1993 மார்ச் குண்டுவெடிப்புகளை ஊரும் பேரும் சுட்டி 'பிளாக் ஃபிரைடே' என்ற படமாக இயக்கினார் என்பதை எண்ணும்போது, 'நாயக்' சொல்லாமல் விட்டது எவ்வளவு என்பது விளங்கும்.

நேர்காணல்

சிவாஜி ராவ் ஒரு தனியார் தொலைக்காட்சியின் செய்தியாளன். முதல்வர் காவல்துறைக்கு இட்ட ஆணை அவனிடம் பதிவாகிவிடுகிறது. தம் பெயரைக் காத்துக்கொள்ள நேரலை நேர்காணலுக்கு ஒப்புக்கொள்கிறார் பல்ராஜ் சௌகான். தொடக்கத்தில் இருவரும் மரியாதையாகவே பேசுகின்றனர். வினாக்கள் மெல்ல நெருங்குகின்றன. முதல்வரின் உடல்மொழி மாறுகிறது. அம்ரீஷ் பூரியின் பருத்த குரல் தணிகிறது, பின் உயர்கிறது. பாடலோ சண்டையோ இன்றி இரண்டு நாற்காலிகளையும் ஒரு மேசையையும் மட்டும் கொண்டு நீண்ட நேரம் பார்வையாளரைக் கட்டிப்போடும் காட்சி ஷங்கரின் படங்களில் அரிது. பெருஞ்செலவுக் காட்சிகளுக்குப் பெயர்பெற்ற இயக்குநரின் மிகச் சிறந்த காட்சி செலவே இல்லாத ஒன்றாக அமைந்திருப்பது வியப்புக்குரியது.

காட்சியின் காலப் பொருத்தமும் நோக்கத்தக்கது. 2000 டிசம்பரில் 'ஆஜ் தக்' இருபத்துநான்கு மணி நேரச் செய்தி அலைவரிசையாகத் தொடங்கியது. 2001 மார்ச் 13 அன்று தெகல்கா இணைய இதழ், பாதுகாப்புத் துறைப் பேரங்கள் குறித்த மறைமுக ஒளிப்பதிவுகளை வெளியிட்டது. பாரதிய ஜனதா கட்சியின் தலைவர் பங்காரு லட்சுமணனும் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டசும் பதவி விலகினர். அடுத்த ஆறு மாதங்களுக்குள் 'நாயக்' வந்தது. ஒளிப்பதிவு நாடா ஒன்றால் ஆட்சியாளரை அசைக்க முடியும் என்ற நம்பிக்கை நாட்டில் உச்சத்தில் இருந்த காலம் அது.

இந்தித் திரைப்படம் அதற்கு முன் அவ்வாறு நம்பியதில்லை. குந்தன் ஷாவின் 'ஜானே பி தோ யாரோ' (1983) படத்தில் இரு ஒளிப்படக்காரர்களிடம் கொலைக்கான சான்று இருக்கிறது; முடிவில் அவர்களே குற்றவாளிகளாகச் சிறை செல்கின்றனர். ரமேஷ் சர்மாவின் 'நியூ டெல்லி டைம்ஸ்' (1986) படத்தில் உண்மையைத் தேடிய இதழாசிரியர், தாம் வேறொருவரின் அரசியல் ஆட்டத்துக்குப் பயன்பட்டதை உணர்கிறார். சான்று ஏந்தியவர் தோற்பதே அப்படங்களின் முடிவு. 'நாயக்' அதை மாற்றியது. இங்கே சான்று ஏந்தியவன் அரசனின் எதிரில் அமர்கிறான், ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது.

தமிழ் இலக்கியம் பயின்றோர்க்கு இவ்விடத்தில் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை நினைவுக்கு வருதல் இயல்பு. அங்கும் ஒரு குடிமகள் கையில் சான்றோடு அரசவையில் நிற்கிறாள். சிலம்பு உடைகிறது, உண்மை எல்லார் கண்முன்னும் தெறிக்கிறது. பாண்டியன் தன் பிழையை ஏற்று உயிர் துறக்கிறான். பல்ராஜ் சௌகானிடம் அத்தகைய நாணம் இல்லை. சான்றைக் கண்டபின் அவர் பேச்சைத் திருப்புகிறார்: நிர்வாகச் சிக்கல்களையும் நெருக்கடிகளையும் வெளியிலிருந்து கேள்வி கேட்பவன் அறியமாட்டான், முடியுமானால் ஒரு நாள் இந்த நாற்காலியில் அமர்ந்து பார்க்கட்டும் என்கிறார். இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. கேட்கப்பட்ட வினாவுக்கு விடை சொல்லாமல் வினா கேட்கும் தகுதியையே அவர் வினாவாக்கிவிடுகிறார். ஆண்டு பார்த்தவனே ஆட்சியைக் கேள்வி கேட்கலாம் என்றால், குடிமகன் ஒருவனும் கேட்க முடியாது. சிவாஜி ராவ் அறைகூவலை ஏற்கும் கணத்தில் திரையரங்கு ஆர்ப்பரிக்கிறது. அக்கணத்திலேயே அவன் செய்தியாளன் என்ற நிலையில் தோற்றுவிட்டான் என்பதைப் படம் உணரவில்லை. கலவரத்தை ஏன் அடக்கவில்லை என்ற வினா அந்த மேசையிலேயே கிடந்துவிடுகிறது.

ஒரு நாளின் சட்டமும் ஓர் அவசரச் சட்டமும்

சட்டமன்ற உறுப்பினர் அல்லாத ஒருவர் முதல்வராவது அரசியலமைப்புக்கு முற்றிலும் புறம்பானதன்று. உறுப்பு 164இன் நான்காம் பிரிவு அத்தகையவருக்கு ஆறு மாத அவகாசம் தருகிறது. அவ்வவகாசத்தின் எல்லை எது என்ற வினா படம் வெளியான காலத்தில் உச்ச நீதிமன்றத்தின் முன் இருந்தது. தேர்தலில் நில்லாமலே அவகாசத்தை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவது செல்லாது எனப் பஞ்சாப் வழக்கில் 2001 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. படம் வெளியான இரண்டு வாரத்தில், செப்டம்பர் 21 அன்று, தண்டனை பெற்றுத் தகுதியிழந்த ஒருவரை முதல்வராக அமர்த்த இயலாது எனக் கூறித் தமிழ்நாட்டு முதல்வர் ஜெயலலிதாவின் நியமனத்தை ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு செல்லாததாக்கியது. நிலையற்ற முதல்வர் நாற்காலியை நாடு ஏற்கெனவே கண்டும் இருந்தது. 1998 பிப்ரவரி 21 இரவில் உத்தரப்பிரதேச ஆளுநர் கல்யாண் சிங் அரசை நீக்கி ஜகதாம்பிகா பாலை முதல்வராக்கினார். அலகாபாத் உயர் நீதிமன்றம் 23ஆம் நாள் கல்யாண் சிங்கை மீண்டும் அமர்த்தியது. 26ஆம் நாள் உச்ச நீதிமன்ற ஆணைப்படி நடந்த வாக்கெடுப்பில் அவரே வென்றார். 'ஒரு நாள் முதல்வர்' என்ற சொல் அன்று கேலியாக வழங்கியது. அதே சொல் ஷங்கரின் கையில் ஏக்கமாக மாறியது.

அந்த ஒரு நாளில் சிவாஜி ராவ் செய்வன பலரும் அறிந்தவை. குடிசைவாழ் மக்களுக்கு உரிய வீடுகள் கிடைக்கின்றன. கடமை தவறிய அலுவலர் வரிசையாகப் பணியிடை நீக்கம் பெறுகின்றனர். ஆணைகள் அந்தந்த இடத்திலேயே தட்டச்சாகின்றன. செயலர் பன்சலாக வரும் பரேஷ் ராவல் பதற்றமும் வியப்பும் கலந்து பின்னால் ஓடுகிறார். அரசு அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்காக நாள்கணக்கில் காத்திருந்த எவர்க்கும் இக்காட்சிகள் தரும் மகிழ்ச்சி பொய்யானதன்று. அம்மகிழ்ச்சியை எள்ளி நகையாடும் திறனாய்வு, காத்திருந்தவரின் கால்வலியை அறியாதது.

ஆயினும் பணியிடை நீக்கம் என்பது தண்டனை ஆகாது. அது விசாரணைக்கு முந்தைய ஓர் இடைநிலை ஏற்பாடு. அரசு ஊழியரைப் பணியிலிருந்து அகற்ற விசாரணையும் விளக்கம் கூறும் வாய்ப்பும் வேண்டும் என்கிறது உறுப்பு 311. படம் ஆணை தட்டச்சாகும் ஓசையோடு நின்றுவிடுகிறது. விசாரணை என்னும் சோர்வூட்டும் பகுதிக்குள் நுழைவதில்லை. அந்நாளின் இறுதிச் செயலாகப் பல்ராஜ் சௌகான் கைது செய்யப்படுகிறார். இதற்கு மராட்டிய வரலாற்றிலேயே ஓர் இணை உண்டு. முதல்வராக இருந்த ஏ. ஆர். அந்துலே மீது ஊழல் குற்றச்சாட்டுக் கூறி நீதிமன்றத்தில் தனிப் புகார் தொடுத்தவர் அரசியலரான ஆர். எஸ். நாயக். பெயர்ப் பொருத்தம் தற்செயலானதே. பொது ஊழியர் மீது வழக்குத் தொடர யாருடைய இசைவு தேவை, எந்த நீதிமன்றம் விசாரிக்கலாம் என்னும் வினாக்களுக்காக மட்டுமே அவ்வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்பச் சென்றது. 1984, 1988 ஆண்டுகளின் தீர்ப்புகள் இன்றும் சட்ட மாணவர் பயில்வன. அந்த நாயக்குக்குப் பல ஆண்டுகள் பிடித்தது. இந்த 'நாயக்'குக்குச் சில மணி நேரம் போதுமானதாக இருந்தது.

எனினும் இப்பகுதியை வெறும் பகற்கனவு எனத் தள்ளிவிட முடியாதபடி ஒரு திருப்பத்தைக் கதை வைத்திருக்கிறது. பிணையில் வெளிவரும் பல்ராஜ் சௌகான் ஓர் அவசரச் சட்டத்தின் வழியே சிவாஜி ராவின் ஆணைகள் அனைத்தையும் இல்லாமல் ஆக்கிவிடுகிறார். படத்தின் மிக நுட்பமான அரசியல் அறிவு இச்சிறு நிகழ்வில்தான் உள்ளது. ஆணையால் வந்தது ஆணையால் போகும். நாயகன் கிழித்த கோடுகள் ஒரே கையெழுத்தில் அழிகின்றன. இவ்விடத்தில் சற்று நின்றிருந்தால் படம் வேறொன்றாக வளர்ந்திருக்கும். அடியாள்களும் சேற்றுச் சண்டையும் பாலால் நீராட்டும் மக்களும் வந்து அச்சிந்தனையை அடித்துச் சென்றுவிடுகின்றனர்.

மஞ்சரியின் தந்தை குறித்து ஒரு சொல். தம் மகளுக்கு அரசு ஊழியரே கணவராக வேண்டும் என்கிறார் அவர். அரசு ஊழியரை ஒரு நாள் முழுதும் நீக்கித் திரிந்தவனுக்கு அரசு வேலை இல்லாமையால் பெண் மறுக்கப்படுகிறது. படத்தின் மிகச் சிறந்த நகைச்சுவை இதுவே; படக்குழு அதை அவ்வாறு கருதியதாகத் தெரியவில்லை.

மக்கள் எங்கே நிற்கின்றனர்

படத்தில் மக்கள் அழுகின்றனர், முறையிடுகின்றனர், வாழ்த்துகின்றனர், பால் ஊற்றுகின்றனர், வாக்களிக்கின்றனர். கணக்குக் கேட்பதில்லை. இதே காலத்தில் இராசத்தானின் சிற்றூர்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பு 1994 டிசம்பர் முதல் மக்கள் மன்றங்களைக் கூட்டி வந்தது. பொதுப்பணிகளின் வருகைப் பதிவேடுகளையும் செலவுச் சீட்டுகளையும் ஊர்நடுவே உரக்கப் படித்துக் காட்டியபோது, வேலையே செய்யாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது வெளிப்பட்டது. 1997இல் தமிழ்நாடும் கோவாவும் தகவல் உரிமைச் சட்டங்களை இயற்றின. 2005இல் நாடு தழுவிய சட்டம் வந்தது. ஊழல் எதிர்ப்பு என்பது ஆவணத்தைத் திறந்து படிக்கும் செயலாக வெளியுலகில் மாறிவந்த வேளையில், திரையில் அது ஒருவனுடைய கைவீச்சாகவே இருந்தது. ஆவணத்தைப் படிப்பது திரைக்குச் சுவையற்றது என வாதிடலாம். நேர்காணல் காட்சியே அவ்வாதத்துக்கு மறுப்பு. ஒரு பதிவையும் சில வினாக்களையும் கொண்டே அங்கு திரை அதிர்ந்தது.

சிவாஜி ராவ் தேர்தலில் வென்று முறையாக முதல்வரானபின் இந்நிலை இன்னும் கூர்மையடைகிறது. பல்ராஜ் சௌகானை அமர்த்திக் கேட்டதுபோல் முதல்வர் சிவாஜி ராவை எதிரில் அமர்த்திக் கேட்கும் நேர்காணல் படத்தில் இல்லை. அவன் விட்டுச்சென்ற நாற்காலியில், செய்தியாளனின் நாற்காலியில், யாரும் வந்து அமரவில்லை. நல்லவன் ஆள்கிறான் என்பதால் வினா தேவையற்றுப் போனது போலும்.

மூடிய அறை

இறுதிப் பகுதியில் பல்ராஜ் சௌகானின் சதிகள் எல்லை மீறுகின்றன. சிவாஜி ராவின் பெற்றோர் வீட்டிலேயே குண்டுவெடிப்பில் கொல்லப்படுகின்றனர். நகரில் குண்டுகள் வைக்கப்படுகின்றன. பழி முதல்வர் மீதே சுமத்தப்படுகிறது. சிவாஜி ராவ் எதிரியைத் தலைமைச் செயலகத்துக்கு அழைக்கிறான். துப்பாக்கியால் சுட்டுவிட்டு அதை எதிரியின் கையில் எறிகிறான். ஓசை கேட்டு ஓடிவரும் காவலர்க்கு, முதல்வரைக் கொல்ல வந்தவராகப் பல்ராஜ் சௌகான் தெரிகிறார். அவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். பின்னர்ச் செயலர் பன்சலிடம் மட்டும் சிவாஜி ராவ் உண்மையைச் சொல்லி, தானும் அரசியல்வாதி ஆக்கப்பட்டுவிட்டதாக வருந்துகிறான். பன்சல் அதில் தவறு காண்பதில்லை.

நேர்காணலோடு இக்காட்சியை அடுத்து வைத்துக் காண வேண்டும். அங்கே நேரலை, இங்கே மூடிய கதவு. அங்கே உண்மையான பதிவு. இங்கே புனைந்த தடயம். அங்கே அவன் காட்டியதை எல்லாரும் கண்டனர். இங்கே எல்லாரும் காண வேண்டியதை அவன் உருவாக்குகிறான். முன்பு கண்ணகியின் இடத்தில் நின்றவன் இப்போது நிற்பது பொற்கொல்லனின் இடத்தில். கோவலன் கையில் இருந்த சிலம்பு திருட்டுப் பொருள் என நம்பவைத்தவன் அப்பொற்கொல்லன். பல்ராஜ் சௌகான் கையில் விழுந்த துப்பாக்கி கொலைக் கருவி என நம்பவைக்கிறான் இந்நாயகன். இரண்டு இடத்திலும் முறையான விசாரணையின்றியே உயிர் பறிக்கப்படுகிறது.

கோவலன் குற்றமற்றவன், பல்ராஜ் சௌகான் பெருங்குற்றவாளி என்ற மறுப்பு எழும். அது சரியே, பார்வையாளர் கைதட்டுவதும் அதனால்தான். ஆனால் சிலப்பதிகாரத்தில் பாண்டியன் மீது சுமத்தப்படும் பிழை, தண்டித்தவன் கள்வனா அல்லனா என்பதோடு முடிவதில்லை; ஆராயாமல் தண்டித்தான் என்பதும் அதில் அடங்கும். 'இன்குலாப்' படத்தில் அமிதாப் பச்சன் அமைச்சரவை முழுவதையும் வெளிப்படையாகவே சுட்டு வீழ்த்துகிறார். அம்முடிவு கொடியது, எனினும் அதில் பொய் இல்லை, யார் சுட்டது என்பது மறைக்கப்படுவதில்லை. 'நாயக்' குருதியைக் குறைத்துப் பொய்யைக் கூட்டியிருக்கிறது. ஊழல் எதிர்ப்புப் படமாகத் தன்னை முன்வைக்கும் ஒன்றுக்கு இம்மாற்றமே கூடுதல் கவலைக்குரியது.

படத்தைப் பாராட்ட வேண்டிய இடமும் இதுவே. வெற்றி முழக்கத்தோடு முடித்திருக்கலாம். நாயகன் நெஞ்சில் ஒரு முள்ளை வைத்து முடித்திருக்கிறார்கள். தான் செய்தது என்ன என்பது சிவாஜி ராவுக்குத் தெரியும். அவன் வருத்தத்தைக் கேட்பவர் ஓர் அரசு அலுவலர். அவரும் அதை வெளியில் சொல்லப்போவதில்லை. முதல் காட்சிகளில் ஒரு முதல்வரின் மறைவான ஆணையைப் பதிவுசெய்த ஒளிப்பதிவுக் கருவி இவ்வறையில் இல்லை.